குன்றத்தூர் தந்த மந்திரி
வேடருக்கும் குயவருக்கும் காவியம் பாடிய சேக்கிழார் வரலாறு

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி. அங்கிருந்து தெற்கே போனால் மாங்காடு. மாங்காட்டையும் தாண்டினால் ஒரு சிறு குன்று கண்ணில் படும்.

குன்றின் மேல் முருகன் கோயில். கீழே ஊர். அந்த ஊரின் பெயர் குன்றத்தூர்.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அருண்மொழித் தேவர் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவராகிச் சோழப் பேரரசின் முதல் மந்திரி ஆயிற்று.

சோழ மன்னர்களுக்கு எத்தனையோ மந்திரிகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு மந்திரியின் பெயரை மட்டும் தமிழ் நாடு மறக்கவில்லை.

பதவியால் வந்த புகழ் அல்ல அது. பதவியை விட்ட பிறகு வந்த புகழ்!

அவர்தான் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

மூன்று கேள்விகள்

சேக்கிழார் என்பது அவருடைய குடும்பப் பெயர். குன்றத்தூரில் சேக்கிழார் குடியினர் பலர் வாழ்ந்தனர். அவர்கள் உழவுத் தொழில் செய்து வந்த வேளாளர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தக் குடியைச் சேர்ந்த சிலருடைய பெயர்கள் காணப்படுகின்றன.

அருண்மொழித் தேவருக்கு ஒரு தம்பி உண்டு. அவர் பெயர் பாலறாவாயர்.

அருண்மொழித் தேவர் மந்திரி ஆனது பற்றித் தொண்டை நாட்டில் ஒரு கதை வழங்குகிறது.

சோழ மன்னனுக்கு ஒரு நாள் மூன்று சந்தேகங்கள் எழுந்தன. உலகத்தை விடப் பெரியது எது? கடலை விடப் பெரியது எது? மலையை விடப் பெரியது எது? விடை எழுதி அனுப்பும்படி ஊர்த் தலைவர்களுக்கு ஓலை வந்தது.

பெரியவர்கள் எல்லாரும் விழித்தார்கள். அருண்மொழித் தேவர் விழிக்கவில்லை. அவர் திருக்குறளை நன்றாகப் படித்தவர். மூன்றுக்கும் திருக்குறளிலிருந்தே விடை எடுத்து எழுதிவிட்டார்.

தக்க சமயத்தில் செய்த உதவி உலகத்தை விடப் பெரியது. கைம்மாறு கருதாமல் செய்த உதவி கடலை விடப் பெரியது. தன் நிலையிலிருந்து மாறாமல் அடக்கமாக வாழ்பவனின் உயர்வு மலையை விடப் பெரியது.

விடைகளைப் பார்த்து மன்னன் மகிழ்ந்தான். எழுதியவரைத் தலைநகருக்கு அழைத்தான். மந்திரி பதவி தந்தான். உத்தம சோழப் பல்லவராயர் என்ற பட்டமும் தந்தான்.

அந்த மன்னன் இரண்டாம் குலோத்துங்க சோழன் என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். 1133 முதல் 1150 வரை ஆண்டவன். அநபாயன் என்பது அவனுடைய சிறப்புப் பெயர். சேக்கிழார் தம் நூலில் பல இடங்களில் அநபாயன் பெயரைச் சொல்லிப் போற்றுகிறார்.

சொந்த ஊரில் ஒரு நாகேச்சுரம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேச்சுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள சிவன் கோயிலின் மேல் சேக்கிழாருக்கு அளவு கடந்த பற்று. சோழ நாட்டில் இருந்த காலத்தில் அடிக்கடி அங்கே போய் வழிபட்டு வந்தார்.

ஆனால் பிறந்த ஊருக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? குன்றத்தூர் எங்கே, கும்பகோணம் எங்கே! அந்தக் காலத்தில் நடந்து போனால் பல நாட்கள் ஆகும்.

அதற்கு ஒரு வழி கண்டார். குன்றத்தூரிலேயே ஒரு சிவன் கோயில் கட்டினார். அதற்கும் திருநாகேச்சுரம் என்றே பெயர் வைத்தார். வடதிருநாகேச்சுரம் என்று இன்று மக்கள் அந்தக் கோயிலைச் சொல்கிறார்கள்.

தம்பி பாலறாவாயரும் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ஒரு குளம் வெட்டினார் என்பார்கள். அண்ணன் கோயில் கட்டினார்; தம்பி குளம் வெட்டினார்.

மன்னன் விரும்பிய கதை

சேக்கிழாரின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பழைய நூல் உண்டு. அதன் பெயர் சேக்கிழார் புராணம். உமாபதி சிவாசாரியார் பாடியது என்பர். மேலே நடந்ததை அந்த நூல் இப்படிச் சொல்கிறது:

அரசன் சீவக சிந்தாமணி என்ற காவியத்தை விரும்பிக் கேட்டு வந்தான். திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடிய நூல் அது. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று. வீரமும் காதலும் நிறைந்த கதை.

மன்னன் சைவன். சைவர்களான அடியார்களின் கதையை அவன் கேட்டதே இல்லை. இது மந்திரியின் மனத்தை உறுத்தியது.

மன்னன் விரும்பிய ஒன்றை வேண்டாம் என்று சொல்லுவது எளிய காரியமா? முகம் சுளித்தால் மந்திரி பதவி போகும். ஆனாலும் சேக்கிழார் துணிந்து சொன்னார். கற்பனைக் கதைகளை விட, இந்த மண்ணிலேயே வாழ்ந்த அடியார்களின் வரலாறு மேலானது என்று எடுத்துக் கூறினார்.

மன்னன் கோபப்படவில்லை. யார் அந்த அடியார்கள் என்று கேட்டான். சேக்கிழார் சொல்லச் சொல்ல, மன்னன் ஆர்வத்துடன் கேட்டான். முடிவில், இவற்றை எல்லாம் ஒரு பெருநூலாகப் பாடித் தரவேண்டும் என்று மந்திரியையே கேட்டுக்கொண்டான்.

பெயர் மட்டுமே இருந்தது

மந்திரி ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் வேலை பெரிது.

அடியார்களைப் பற்றி அப்போது இருந்த நூல்கள் இரண்டுதான். ஒன்று, சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகை. அது 11 பாடல்தான். இன்னொன்று, நம்பியாண்டார் நம்பி பாடிய திருத்தொண்டர் திருவந்தாதி. அதில் ஓர் அடியாருக்குப் பெரும்பாலும் ஒரு பாடல்.

சுந்தரர் பாட்டில் பலருக்குப் பெயர் மட்டுமே உண்டு. சிலருக்கு ஊர் பெயரும் உண்டு. அவ்வளவுதான். அவர் என்ன தொழில் செய்தார்? வீடு எப்படி இருந்தது? மனைவி மக்கள் உண்டா? என்ன துன்பம் வந்தது? ஒன்றும் கிடையாது.

அடியார்கள் வாழ்ந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் சில தலைமுறை போனால் மிச்சம் இருந்த நினைவும் அழிந்துவிடும்.

அந்த நினைவு எங்கே இருந்தது? ஊர்க் கோயில்களில் இருந்தது. திருவிழாக்களில் இருந்தது. முதியவர்களின் வாயில் இருந்தது. கோயில்களில் அடியார்களுக்குச் சிலை வைக்கும் வழக்கமும் இருந்தது. சேக்கிழாருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சைப் பெரிய கோயிலில் சிறுத்தொண்டர் போன்ற அடியார்களுக்குச் செப்புச் சிலைகள் வைத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது.

மந்திரி வேலையில் நாடு முழுவதும் சுற்றியவர் சேக்கிழார். அடியார்கள் பிறந்த ஊர்களுக்கும், அவர்கள் வழிபட்ட கோயில்களுக்கும் அவர் நேரில் போயிருக்கவேண்டும் என்று டாக்டர் மா. இராசமாணிக்கனார் போன்ற ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. எந்த ஊர் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது, ஓர் ஊரை விட்டால் அடுத்து எந்த ஊர் வரும் என்பதை எல்லாம் சேக்கிழார் ஒழுங்காகச் சொல்கிறார். திருஞானசம்பந்தரும் அப்பரும் சென்ற வழியை அவருடைய நூலை வைத்துக்கொண்டே படமாக வரைந்து காட்டலாம்!

அவருடைய சொந்த ஊரைச் சுற்றியே இப்படிப்பட்ட பழைய கோயில் ஊர்கள் பல இருக்கின்றன. அவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத கோயில்

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர் இருக்கிறது. அந்த ஊர் அடியார் பூசலார். வேதம் ஓதும் நின்றவூர்ப் பூசல் என்பதோடு சுந்தரர் நிறுத்திக்கொண்டார். சேக்கிழார் முழுக் கதையையும் சொன்னார்.

பூசலார் ஏழை. சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. பல இடங்களில் பொருள் தேடினார். ஒரு காசும் கிடைக்கவில்லை.

அவர் மனம் தளரவில்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார். மனத்தால் பொருள் சேர்த்தார். மனத்தால் கல்லும் மரமும் கொண்டுவந்தார். தச்சர்களை அமர்த்தினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இரவிலும் தூங்காமல் வேலை நடந்தது. சிகரம் எழுந்தது. மதில் எழுந்தது. கிணறும் குளமும் கூட வெட்டியாகிவிட்டது. கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார்.

அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னன் ஒரு பெரிய கற்கோயில் கட்டி முடித்தான். அவனும் அதே நாளைக் குறித்தான். காஞ்சிக் கைலாசநாதர் கோயில்தான் அது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

முதல் நாள் இரவு மன்னன் கனவில் இறைவன் தோன்றினார். நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலில் நாளை நாம் புகப் போகிறோம். உன் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்று சொல்லி மறைந்தார்.

மன்னன் வியப்படைந்தான். நின்றவூருக்கு ஓடிவந்தான். பூசல் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்று ஊர் மக்கள் சொன்னார்கள்.

பிறகு பூசலாரையே கண்டு கேட்டான். பூசலார் திகைத்துப்போனார். பொருள் கிடைக்காததால் மனத்தில் கட்டிய கோயில் அது என்று உண்மையைச் சொன்னார். மணிமுடி தரித்த மன்னன் அந்த ஏழையின் காலில் விழுந்து வணங்கினான்.

வேற்காட்டுச் சூதாடி

பூவிருந்தவல்லிக்குப் பக்கத்தில் உள்ளது திருவேற்காடு. கருமாரியம்மன் கோயிலால் இந்த ஊரை எல்லாரும் அறிவார்கள். அங்கே வேதபுரீசுவரர் கோயில் என்ற பழைய சிவன் கோயிலும் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம்.

இந்த ஊரில் பிறந்தவர் மூர்க்க நாயனார். பெயரே பயமுறுத்துகிறது அல்லவா?

அடியார்களுக்குச் சோறு போட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். வருகிறவர்கள் தொகை நாளுக்கு நாள் பெருகியது. சொத்து கரைந்தது. நிலத்தையும் விற்றார். பிறகு விற்பதற்கு ஒன்றும் இல்லை.

அவருக்குச் சூதாட்டம் தெரியும். அதில் இறங்கினார். ஊரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போனதும், ஊரை விட்டே புறப்பட்டார். கடைசியில் கும்பகோணம் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார். பின் ஆட்டங்களில் ஜெயிப்பார். தோற்றவன் பணம் கொடுக்காமல் ஏமாற்றினால் கத்தியை உருவிக் குத்திவிடுவார். அதனால் வந்த பெயர் மூர்க்கர்.

ஜெயித்த பணத்தில் ஒரு காசைக் கூடத் தமக்கு என்று வைத்துக்கொள்ளமாட்டார். அத்தனையும் அடியார்களின் சாப்பாட்டுக்குப் போகும். எல்லாரும் உண்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார்.

இது சேக்கிழாரின் பக்கத்து ஊர்க்காரருடைய கதை. நம் பக்கத்து ஆள் ஆயிற்றே என்று அவர் சூதையும் கத்தியையும் மூடி மறைக்கவில்லை. நடந்ததாகக் கேட்டதை அப்படியே சொன்னார்.

கண் இழந்து வந்தவர்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருப்பது திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் கோயில் கொண்ட ஊர்.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆனால் திருவாரூர் நினைவு வந்துவிட்டது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். உடனே இரண்டு கண்களும் தெரியாமல் போயின.

இறைவனின் தோழர் என்று பெயர் பெற்றவர் சுந்தரர். அவரே ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் தண்டனை உண்டு! சேக்கிழார் இதையும் மறைக்கவில்லை.

பார்வை இல்லாமல் தடவித் தடவி நடந்த சுந்தரர் முதலில் வந்த இடம் திருமுல்லைவாயில். அங்கே மனம் உருகிப் பாடினார். அடுத்துத் திருவெண்பாக்கம் போனார். அங்கே ஊன்றுகோல் கிடைத்தது. பிறகு காஞ்சியில் இடது கண்ணும், திருவாரூரில் வலது கண்ணும் தெரிந்தன என்பது வரலாறு.

அந்தத் திருவெண்பாக்கத்தின் பழைய கோயில் இன்று இல்லை. சென்னைக்குக் குடிநீர் தருவதற்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1944-ல் அது கட்டி முடிந்தது. பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. அங்கிருந்த தெய்வத் திருவுருவங்களை எடுத்து வந்து வேறு இடத்தில் புதுக் கோயில் கட்டினார்கள். பழைய இடம் மறைந்தாலும், சேக்கிழார் எழுதி வைத்ததால் கதை மறையவில்லை.

தில்லையில் ஓர் ஆண்டு

கேட்டவற்றை எல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு சேக்கிழார் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார். நடராசர் சந்நிதியில் நின்று வேண்டினார். முதல் சொல்லை இறைவனே எடுத்துக் கொடுத்தார் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது.

பெருநூல் உருவாயிற்று. 4,200-க்கு மேற்பட்ட பாடல்கள். 13 சருக்கங்கள். தனி அடியார் 63 பேர். கூட்டமாகச் சொல்லப்படும் அடியார் 9 வகையினர்.

நூலுக்குச் சேக்கிழார் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். பெரியபுராணம் என்று பெயர் மாற்றிக்கொண்டது பின்னால் வந்த உலகம்.

அதில் யார் யார் இருக்கிறார்கள்? அரசர்கள் இருக்கிறார்கள். அந்தணர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சமமாகக் குயவர் திருநீலகண்டர் இருக்கிறார். வேடர் கண்ணப்பர் இருக்கிறார். மீனவர் அதிபத்தர் இருக்கிறார். சலவைத் தொழிலாளி திருக்குறிப்புத் தொண்டர் இருக்கிறார். எண்ணெய் ஆட்டும் கலியர் இருக்கிறார். நெசவாளி நேசர் இருக்கிறார். காரைக்கால் அம்மையாரைப் போலப் பெண்களும் இருக்கிறார்கள்.

ஆதனூர் நந்தனாரின் சேரியை அவர் காட்டும் இடத்தைக் கேளுங்கள். கோழிகள் பானைக்குள் முட்டை வைத்து அடைகாக்கின்றன. தென்னை மரத்தடியில் நாய்க்குட்டிகள் கிடக்கின்றன. மருத மர நிழலில் ஒரு தாய் தோல் துண்டை விரித்துக் குழந்தையைத் தூங்க வைக்கிறாள். மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன.

அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு எழுதக்கூடிய வரிகளா இவை? சேரி வாசலில் நின்று பார்த்த கண் எழுதியவை.

மன்னன் சாமரம் வீசினான்

நூல் முடிந்த செய்தி மன்னனுக்குப் போயிற்று. மன்னனே சிதம்பரத்துக்கு வந்தான்.

சித்திரை மாதம் திருவாதிரை நாளில், ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றம் தொடங்கியது. தினமும் பாட்டும் உரையும் நடந்தன. கேட்க வந்தவர்களுக்கு எல்லாம் சாப்பாடு. அடுத்த ஆண்டு சித்திரைத் திருவாதிரையில்தான் முடிந்தது!

முடிந்த நாளில் ஏட்டுச் சுவடியைப் பட்டில் சுற்றி யானை மேல் ஏற்றினார்கள். சேக்கிழாரையும் ஏற்றினார்கள். மன்னனும் ஏறிப் பின்னால் உட்கார்ந்து, தன் கையாலேயே சேக்கிழாருக்குச் சாமரம் வீசினான். தில்லை வீதிகளில் ஊர்வலம் போயிற்று. தொண்டர்சீர் பரவுவார் என்ற பட்டம் கிடைத்தது. சைவத் திருமுறைகளில் 12-ஆவது திருமுறை என்ற இடம் நூலுக்குக் கிடைத்தது.

முன்பு மன்னனுக்குப் பணிந்து நின்ற மந்திரி அவர். இப்போது மன்னன் அவருக்குப் பணி செய்தான்.

சேக்கிழார் மறுபடியும் மந்திரி வேலைக்குப் போகவில்லை. அந்தப் பொறுப்பு தம்பி பாலறாவாயருக்குப் போனது என்பர். இவர் சிதம்பரத்திலேயே அடியார்களோடு வாழ்ந்து, ஒரு வைகாசிப் பூசத்தில் இறைவன் அடி சேர்ந்தார்.

கல்லிலும் படத்திலும்

சேக்கிழார் சொன்ன கதைகள் பரவின. அடுத்த மன்னன் இரண்டாம் இராசராசன் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் கோயிலைக் கட்டினான். அந்தக் கோயில் சுவரில் நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. 2004-ல் அந்தக் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

1852-ல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை எல்லாரும் படிக்கும்படி வசனமாக எழுதி வெளியிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடினார். நந்தனாரை வாட்டும் பண்ணையார் அவருடைய கற்பனை. சேக்கிழார் நூலில் அந்தப் பண்ணையார் கிடையாது. 1942-ல் ஜெமினியின் நந்தனார் படம் வந்தது. தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடினார். ஏடு படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் கதையைக் கண்ணால் கண்டார்கள்.

இன்றும் காணலாம்

குன்றத்தூர் வடதிருநாகேச்சுரத்தில் சேக்கிழாருக்குச் சந்நிதி இருக்கிறது. வைகாசிப் பூசத்தில் குருபூசை நடக்கிறது. ஊரில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு.

குன்றத்தூர், திருவேற்காடு, திருமுல்லைவாயில், திருநின்றவூர் ஆகிய நான்கு ஊர்களையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் அவை. இன்று தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கிவிட்டன. கோயில்கள் மட்டும் அதே இடத்தில் நிற்கின்றன.

பூசலார் நினைவாகத் திருநின்றவூரில் எழுந்த கோயிலுக்கு இருதயாலீசுவரர் கோயில் என்று பெயர். பூசலாருக்கும் அங்கே உருவம் உண்டு. கையில் காசில்லாத ஒருவர் மனத்தில் கட்டியது, இன்று கல்லாக நிற்கிறது.

ஒரு பாட்டில் வெறும் பெயராக இருந்த பூசலார் அவர். குன்றத்தூர் மந்திரி அவர் கதையைக் கேட்டு எழுதி வைத்தார். இன்று திருநின்றவூருக்குப் போகும் குழந்தைக்கும் அந்தக் கதை தெரிகிறது.